பந்துக்குக் காது இல்லை: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி (திருச்சி வாசகர் ஒருவர்): 'மைனாரிட்டி ரிப்போர்ட்' படத்தில், நடக்கப்போகும் கொலையை முன்பே அறிந்து தடுத்துவிடுகிறார்கள். தடுத்துவிட்டால் கொலை நடக்கவே இல்லை. நடக்காத ஒன்றை அவர்கள் 'அறிந்தார்கள்' என்று எப்படிச் சொல்ல முடியும்? அடித்தளமே முரணாக இருக்கும் படத்தை எல்லோரும் ஏன் கொண்டாடுகிறார்கள்?

பதில்: உங்கள் கேள்வியைப் படமே எழுப்பி, படமே ஒரு பதிலும் சொல்கிறது. ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் 2002-இல் எடுத்த இப்படத்தின் கதை 2054-ஆம் ஆண்டு வாஷிங்டன் நகரில் நடக்கிறது. மூன்று முன்னறிவாளர்கள் காணும் காட்சிகளை வைத்துக் காவல்துறையின் தனிப்பிரிவு ஒன்று, கொலை நடப்பதற்கு முன்பே ஆளைப் பிடித்துவிடுகிறது. நீங்கள் கேட்டதையே ஆய்வுக்கு வரும் அதிகாரி கேட்கும்போது, பிரிவின் தலைவர் ஆண்டர்டன் ஒரு மரப்பந்தை மேசைமேல் உருட்டிவிடுகிறார். அது விளிம்பைத் தாண்டும் நேரத்தில் அதிகாரி சட்டென்று கை நீட்டிப் பிடித்துக்கொள்கிறார். 'ஏன் பிடித்தீர்கள்?' என்று ஆண்டர்டன் கேட்க, 'விழப்போனதே' என்கிறார் அவர். ஆனால் பந்து விழவில்லை. பிடித்ததால் விழவில்லை என்பதற்காக, அது விழவிருந்தது என்பது பொய்யாகிவிடாது என்பதே ஆண்டர்டனின் வாதம்.

இந்த வாதம் ஓரளவுக்குச் சரியானது. முன்னறிவாளர்கள் அறிந்தது 'இது நடக்கும்' என்பதை அன்று, 'யாரும் குறுக்கே வராவிட்டால் இது நடக்கும்' என்பதை. அப்படி எடுத்துக்கொண்டால் உங்கள் முரண் கரைந்துவிடுகிறது. ஆனால் மனிதனுக்கும் பந்துக்கும் உள்ள வேறுபாட்டை ஆண்டர்டன் அங்கே கவனிக்கத் தவறுகிறார். பந்துக்குக் காது இல்லை. 'நீ விழப்போகிறாய்' என்று சொன்னாலும் அது தன் பாதையை மாற்றிக்கொள்ளாது. மனிதனிடம் சொன்னால், சொன்ன அந்தச் சொல்லே அவன் அடுத்துச் செய்யப்போவதற்கு ஒரு காரணமாகச் சேர்ந்துவிடுகிறது. முன்னறிவைப் பற்றிய எந்தப் படத்தைப் பார்த்தாலும் நான் முதலில் தேடுவது இதைத்தான்: வருவது யாருக்குத் தெரியும், அது சம்பந்தப்பட்டவனிடம் சொல்லப்பட்டதா?

இந்தக் கண்ணோடு படத்தை மறுபடி பாருங்கள். தொடக்கத்தில், மனைவியை வேறொருவனோடு கண்ட கணவன் கத்தரிக்கோலை ஓங்கும் நேரத்தில் காவலர்கள் அவனை மடக்குகிறார்கள். அவனிடம் முன்கூட்டி யாரும் எதுவும் சொல்லவில்லை. ஆண்டர்டனோ தான் ஒருவனைச் சுடப்போகும் காட்சியைத் தானே பார்த்துவிடுகிறார். முன்பின் அறியாத அந்த ஆளைத் தேடிப் போவதற்கு அவருக்கு இருந்த ஒரே காரணம், அந்தக் காட்சியைப் பார்த்ததுதான். இறுதியில், அந்தத் திட்டத்தை உருவாக்கிய முதியவர், தான் ஆண்டர்டனைக் கொல்வதாக முன்னறிவாளர்கள் கண்டிருப்பதை அறிந்ததும், துப்பாக்கியைத் தன் பக்கமே திருப்பிக்கொள்கிறார். ஆகவே, தெரிந்துகொண்டவனால் மாற்ற முடியும் என்பதுதான் இப்படம் தானே வகுத்த விதி. அந்த விதியை நேர்மையாகப் பின்தொடர்ந்தால், கத்தரிக்கோல் ஏந்திய கணவனுக்கு அன்று காலையே ஒரு தொலைபேசி அழைப்பு போதுமாயிருந்திருக்கும், சிறை தேவைப்பட்டிருக்காது. என் கணிப்பில் படத்தின் உண்மையான ஓட்டை இங்கேதான் இருக்கிறது; அது தர்க்கத்தில் விழுந்த ஓட்டை மட்டுமன்று, நீதியிலும் விழுந்தது.

இப்படத்துக்கு மூலமான பிலிப் கே. டிக்கின் 1956-ஆம் ஆண்டுச் சிறுகதை இதை இன்னும் கூர்மையாகக் கையாள்கிறது. அதில் மூன்று அறிக்கைகளும் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. முதலாவது, ஆண்டர்டன் கொல்வார் என்கிறது. அதைப் படித்துவிட்ட அவர் கொல்லமாட்டார் என்கிறது இரண்டாவது. இரண்டாவதையும் அறிந்துகொண்ட நிலையில் கொல்வார் என்கிறது மூன்றாவது. ஒவ்வொரு முன்னறிவும் தனக்கு முந்தையதைக் கணக்கில் சேர்த்துக்கொள்வதால், ஒன்றும் மூன்றும் ஒரே முடிவைச் சொன்னாலும் அவை வேறு வேறு எதிர்காலங்கள். நாற்பது பக்க அளவிலான கதைக்குள் இவ்வளவு துல்லியம் இருப்பது எனக்கு இன்றும் வியப்பளிக்கிறது.

கேள்வி (கோவை வாசகி ஒருவர்): 'அரைவல்' படத்தில், வேற்றுலகத்தாரின் மொழியைக் கற்று எதிர்காலத்தைக் காணும் நாயகி, சீனத் தளபதியின் தனிப்பட்ட எண்ணையும், அவர் மனைவி இறக்கும்போது சொன்ன சொற்களையும் எதிர்காலத்தில் அவரிடமிருந்தே கேட்டு, நிகழ்காலத்தில் அவரையே அழைக்கிறாள். இது ஆதியே இல்லாத செய்தி அல்லவா?

பதில்: அன்று. இது பலரும் செய்யும் பிழை என்பதால் சற்று நிதானமாகச் சொல்கிறேன். சுழற்சி வேறு, ஆதியின்மை வேறு. அந்தச் சொற்களுக்கு ஆதி இருக்கிறது: ஒரு பெண் இறக்கும்போது தன் கணவனிடம் அவற்றைச் சொன்னாள். கணவன் அவற்றை மொழியியலாளரான லூயிஸிடம் பிற்பாடு சொல்கிறார். லூயிஸ் முற்பாடு அவற்றைப் பயன்படுத்துகிறாள். செய்தி போன வழிதான் விந்தையானதே தவிர, அது சூனியத்திலிருந்து முளைக்கவில்லை. 'டெர்மினேட்டர்' படங்களோடு ஒப்பிட்டால் இது விளங்கும். 1984-இல் வந்த முதல் படத்தின் இறுதியில் நசுங்கும், எதிர்காலத்திலிருந்து வந்த இயந்திரத்தின் சில்லுதான், 1991-இல் வந்த இரண்டாம் படத்தில் அப்படிப்பட்ட இயந்திரங்களுக்கே முன்மாதிரியாகிறது. அப்படியானால் அந்தச் சில்லை முதன்முதலில் சிந்தித்து வரைந்தவர் யார்? ஒருவருமில்லை. ஆதியில்லாத அறிவு என்பது அதுதான்.

'அரைவல்' படத்தில் விரிசல் இல்லாமல் இல்லை. அது வேறோர் இடத்தில் இருக்கிறது. பதினெட்டு மாதங்கள் கழித்து நடக்கும் விருந்தில் தளபதி தன் எண்ணைப் பற்றிப் பேசும்போது, லூயிஸ் அது தனக்குத் தெரியாது என்கிறாள். அந்த எண்ணுக்கு அவள் ஏற்கெனவே அழைத்துப் பேசியவள் ஆயிற்றே! நிகழ்கால லூயிஸின் திகைப்பை எதிர்கால லூயிஸின் முகத்தில் காட்ட இயக்குநர் டெனி வில்நெவ் முடிவு செய்திருக்கிறார். பார்வையாளருக்குப் புரிய வேண்டும் என்பதற்காகச் செய்தது என்பது தெரிகிறது. இருந்தாலும் முழு நீளத்துக்கும் கட்டிக்காத்த ஒழுங்கு அந்த ஓரிடத்தில் நழுவுகிறது.

கேள்வி (சேலம் வாசகர் ஒருவர்): இறந்தகாலத்துக்குச் செல்வதை இயற்பியல் ஒப்புக்கொள்கிறதா?

பதில்: திட்டவட்டமாக மறுக்கவில்லை என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். ஐன்ஸ்டைனின் சமன்பாடுகளுக்குக் காலம் தன்னைத்தானே வளைத்துக்கொள்ளும் ஒரு தீர்வு உண்டு என்று 1949-இல் கணிதவியலாளர் கர்ட் கோடல் காட்டினார். அப்படி ஒரு வளைவு இருந்தாலும் முரணற்ற நிகழ்வுகள் மட்டுமே அதில் நடக்க இயலும் என்பது ரஷ்ய இயற்பியலாளர் நோவிகோவின் கருத்து. பேரன் போகலாம், தாத்தாவைச் சுட முயலலாம், ஏதோ ஒரு சாதாரணக் காரணத்தால் குறி தவறும். 1995-இல் வந்த 'ட்வெல்வ் மங்கீஸ்' இந்த ஒழுங்கை இம்மியும் பிசகாமல் காக்கும் படம். விமான நிலையத்தில் ஒருவன் சுடப்பட்டு விழுவதைப் பார்த்த சிறுவன், வளர்ந்தபின் காலத்தில் பின்னோக்கி வந்து, அன்று தான் பார்த்த அந்த மனிதனாகவே அதே விமான நிலையத்தில் சுடப்பட்டு விழுகிறான். 'ஊழிற் பெருவலி யாவுள மற்றொன்று சூழினுந் தான்முந் துறும்' என்ற குறளில், தப்பிக்கச் சூழும் சூழ்ச்சிக்கும் முன்னால் ஊழ் போய் நிற்கிறது என்கிறாரே வள்ளுவர், அந்த 'முந்துறும்' என்ற சொல்லுக்கு இதைவிட நெருக்கமான திரைக்காட்சி எனக்குத் தெரியாது.

கேள்வி (மீண்டும் கோவை வாசகி): மகள் இளமையிலேயே இறந்துவிடுவாள் என்று தெரிந்தும் லூயிஸ் அவளைப் பெறுகிறாள். மாற்ற முடியாததாலா, மாற்ற விரும்பாததாலா?

பதில்: படம் இந்தக் கேள்வியைச் சற்று எளிதாக்கிவிட்டது. படத்தில் மகள் தீராத நோயால் இறக்கிறாள். பிறந்தபின் தாய் செய்யக்கூடியது எதுவும் இல்லை. மூலமான டெட் சியாங்கின் 1998-ஆம் ஆண்டுக் குறுநாவலில் அவள் இருபத்தைந்தாம் வயதில் பாறையேறும்போது விழுந்து இறக்கிறாள். 'இன்றைக்குப் போகாதே' என்ற ஒரு சொல் போதும். தாய் அதைச் சொல்வதில்லை. இந்தக் கடினமான இடத்தில்தான் சியாங் துணிந்து நிற்கிறார்.

அவர் எடுத்துக்கொள்ளும் உதாரணம் ஒளி. நீரில் பாதி அமிழ்ந்த கோல் வளைந்து தெரிவது, ஒளி நீரிலிருந்து காற்றுக்குள் வெளியேறும்போது திசை மாறுவதால். அந்த மாற்றத்தைப் படிப்படியான காரண காரியமாகவும் விளக்கலாம். இரு புள்ளிகளுக்கிடையே மிகக் குறைந்த நேரமெடுக்கும் பாதையில் ஒளி செல்கிறது என்ற ஃபெர்மாவின் விதியாலும் விளக்கலாம். இரண்டாவது விளக்கத்தில், புறப்படும் முன்பே சேருமிடம் ஒளிக்குத் தெரிந்திருப்பது போலத் தோன்றும். இரண்டும் ஒரே நிகழ்வைத்தான் சொல்கின்றன. ஒன்றை மற்றொன்று பொய்யாக்குவதில்லை. விருப்பமும் முன்னறிவும் அப்படித்தான் என்கிறது கதை. முழு எதிர்காலத்தையும் அறிந்தவள் அதை மாற்றப் பார்க்கும் வெளியாள் அல்லள், அறிந்ததை நிகழ்த்துபவள். இது எல்லோரையும் திருப்திப்படுத்தாது என்பதை அறிவேன், ஆனால் இதில் முரண் இல்லை.

அந்தக் கதையில் ஒரு காட்சி வரும். குழந்தையாக இருக்கும் மகளுக்குத் தாய் மூன்று கரடிகள் கதையைப் படித்துக் காட்டுகிறாள். வேண்டுமென்றே ஒரு சொல்லை மாற்றிப் படிக்கிறாள். குழந்தை உடனே, கதை அப்படி இல்லை என்று திருத்துகிறது. 'உனக்குத்தான் தெரியுமே, பிறகு நான் எதற்குப் படிக்க வேண்டும்?' என்று தாய் கேட்கிறாள். தான் அதைக் கேட்க வேண்டும் என்கிறது குழந்தை.