மருந்தடிக்காத வயலின் செலவு யார் தலையில்? – கேள்வி பதில்

ரசாயன உரமும் மருந்தும் போடாத இயற்கை விவசாயம் பற்றிக் கடலூர், புதுச்சேரிப் பக்கத்து ஆட்கள் கேட்டவற்றில், 'எப்படிச் செய்வது' என்பதைவிட 'இது நியாயமா' என்ற கேள்விகளையே பெரும்பாலும் எடுத்துக்கொண்டேன். நான் குறிஞ்சிப்பாடிப் பக்கம் நெல் போடுகிறவன். பதிலில் அந்தச் சாய்வு இருக்கும்.

பாகூர், குத்தகை விவசாயி: அண்ணே, ரெண்டு காணி குத்தகைக்கு ஓட்டுறேன். நிலத்துக்காரர் சென்னையில இருக்கார். "இனிமே என் நிலத்துல யூரியா, மருந்து எதுவும் விழக்கூடாது"ங்கிறார். குத்தகை மூட்டையை மட்டும் குறைக்க மாட்டேங்கிறார்.

அவர் புண்ணியம் தேடுகிறார், உங்கள் செலவில். 45 கிலோ யூரியா மூட்டையில் தழைச்சத்து 20 கிலோவுக்குக் கொஞ்சம் கூட. அதே சத்தை மக்கிய தொழுவுரமாகக் கொடுக்க ஏறக்குறைய 4 டன் வேண்டும். மாடு இல்லாதவர் அதற்கு எங்கே போவார்? தக்கைப்பூண்டு என்ற பசுந்தாள் உரச் செடியை விதைத்து, 45 நாளில் பூவெடுக்கும்போது மடக்கி உழலாம், மலிவுதான். ஆனால் அதற்கும் தண்ணீர் வேண்டும், இரண்டு போகத்துக்கு நடுவில் நிலம் சும்மா கிடக்க வேண்டும். 'இயற்கை விளைச்சல்' என்று சான்றிதழ் வாங்கப் போனால் நெல்லுக்கு 2 வருஷம் மாற்றக் காலம், அதாவது மருந்தில்லாமல் பயிரிட்டுக் காத்திருக்கும் காலம். அந்த 2 வருஷமும் மகசூல் குறையும், விலையோ சாதா நெல் விலை.

ஆகவே மாற்றக் காலத்துக்குக் குத்தகையைக் குறைக்கச் சொல்லுங்கள். 5 வருஷத்துக்காவது எழுத்தில் வாங்குங்கள். இல்லாவிட்டால் நீங்கள் மண்ணைத் தேற்றிக் கொடுத்ததும், கூடக் குத்தகை கொடுப்பவருக்கு நிலத்தை விட்டுவிடுவார். இதற்கெல்லாம் ஒத்துவராதவருக்கு யூரியா போடாதே என்று சொல்ல வாயில்லை.

விருத்தாசலம், களை எடுக்கப் போகும் அம்மா: இயற்கை விவசாயம் பண்றவங்க வயல்லதான் களை அதிகம். நாள் முழுக்கக் குனிஞ்சு இடுப்பு போகுது. கூலி மட்டும் அதே கூலி. அரிசியை மட்டும் ரெண்டு மடங்கு விலைக்கு விக்கிறாங்க.

சரியாகப் பிடித்தீர்கள் அம்மா. களைக்கொல்லியை நிறுத்துகிறவர் அந்த வேலையை உங்கள் இடுப்பில் இறக்கி வைக்கிறார். நடவுக்கு முன் தண்ணீர் கட்டிக் களையை முளைக்கவிட்டு ஒரு சால் உழுதால் களை குறையும். வரிசை நடவு போட்டால் கோனோவீடர் என்ற, கையால் தள்ளும் களைக்கருவியை ஓட்டலாம். (அதை ஓட்ட ஆண்களைக் கூப்பிட்டு, அவர்களுக்குக் கூலியும் கூடக் கொடுப்பார்கள். அது தனிக் கதை.) கூடுதல் விலை வாங்குகிறவர் கூடுதல் கூலி கொடுக்கத்தான் வேண்டும். நீங்கள் நாலு பேர் சேர்ந்தே கேளுங்கள்.

காட்டுமன்னார்கோயில்: வீராணம் பாசனம். வயலுக்கு வயல் தண்ணி பாயும். மேல்வயல்காரர் மருந்தடிச்சா அது என் வயல் வழியாத்தான் போகும். நான் 'நஞ்சில்லா அரிசி'ன்னு விக்கலாமா?

அப்படி விற்காதீர்கள். "நான் எதுவும் அடிக்கவில்லை, மேல்வயல் தண்ணீர் வருகிறது" என்று விற்கலாம். நேரடியாக வீட்டுக்கு விற்கும் சிறு விவசாயிக்குச் சான்றிதழ் கட்டாயமில்லை என்பதால் உங்கள் வாய்ச்சொல்தான் சான்று. தண்ணீர் உள்ளே வரும் வாய்மடையை ஒட்டிய பாத்தியைத் தனியாக அறுத்துச் சாதா நெல்லோடு போடுங்கள். மேல்வயல்காரரிடம் சண்டை வேண்டாம், மருந்தடித்த நாலு நாளைக்கு மடையைக் கட்டச் சொல்லிக் கேளுங்கள். பெரும்பாலும் கேட்பார்கள்.

குறிஞ்சிப்பாடி: பங்காளி, நம்ம ஊர்தான். மூணு வருஷமா மருந்தே தொடலை. இப்பப் புகையான். வட்டிக்கு வாங்கிப் போட்ட பயிர். ஒரே ஒரு தடவை அடிச்சா தப்பா?

புகையான் என்பது நெல் தூரில் சாறு உறிஞ்சும் பழுப்புப் பூச்சி. முதலில் அதை எண்ணுங்கள். விடிகாலையில் தூரைப் பிரித்துத் தட்டினால் பழுப்புப் பூச்சி தண்ணீரில் உதிரும். சிலந்தி இல்லாத வயலில் தூர்க்கட்டைக்கு, அதாவது தூரில் உள்ள ஒவ்வொரு தண்டுக்கும், ஒன்றுக்கு மேல் போனால் ஆபத்து. சிலந்தி நடமாட்டம் இருந்தால் இரண்டு வரை பொறுக்கலாம், அது தின்றுவிடும். உடனே தண்ணீரை வடியுங்கள். பட்டம் பிரித்து, அதாவது நடுநடுவே பயிரை ஒதுக்கி இடைவெளி விட்டு, வெயிலும் காற்றும் அடித்தூருக்குப் போக விடுங்கள். 5 சத வேப்பங்கொட்டைக் கரைசலை அடித்தூர் நனைய அடியுங்கள். கண்ணை மூடிக்கொண்டு பைரெத்ராய்டு வகை மருந்து மட்டும் வேண்டாம். சிலந்தி செத்து, புகையான் இன்னும் பெருகும்.

அதற்கும் அடங்காமல் வட்டமாகக் காய ஆரம்பித்தால் அடியுங்கள். பிள்ளை குட்டியோடு கடனில் விழுவதைவிட அது மேல். ஆனால் இந்த வருஷ நெல்லை மருந்தடித்த நெல் என்றே விற்க வேண்டும், மருந்தில்லா வருஷக் கணக்கும் முதலிலிருந்து தொடங்கும். அடித்துவிட்டுப் பழைய வாடிக்கையாளருக்குப் பழைய பேரில் கொடுப்பதைத்தான் தப்பு என்பேன்.

பண்ருட்டி, முந்திரித் தோப்பு: பூக்கும்போது தேயிலைக் கொசு வந்து பூங்கொத்தெல்லாம் கருகுது. அடிச்சா தேனீ சாகுது.

கேரளத்துக் காசர்கோட்டு முந்திரிக் காட்டில் எண்டோசல்பான் என்ற பூச்சிமருந்தைத் தெளித்து மக்கள் என்ன பாடுபட்டார்கள் என்று ஊருக்கே தெரியும். 2011இல் உச்ச நீதிமன்றம் தடை போடும்வரை கடைகளில் விற்றார்கள். தோப்பில் முசுறு எறும்பை விட்டுப் பாருங்கள். இலையைச் சேர்த்துத் தைத்துக் கூடு கட்டும் செவ்வெறும்பு. தேயிலைக் கொசு என்பது கொசு இல்லை, சாறு உறிஞ்சும் பூச்சி; எறும்பு இருந்தால் அது அண்டாது. கொட்டை பொறுக்க வருகிறவர்களைக் கடித்துப் பிடுங்கும், அதையும் சொல்லிவிடுகிறேன். பொறுக்கும் நேரத்துக்குமுன் தாழ்ந்த கிளைக் கூடுகளை மட்டும் எடுத்துவிடுங்கள்.

அண்ணாமலை நகர், வேளாண் மாணவர்: எல்லாரும் இயற்கைக்கு மாறினால் நாட்டுக்குச் சோறு கிடைக்குமா ஐயா? இலங்கை?

இலங்கை அரசு 2021இல் ஒரே அறிவிப்பில் ரசாயன உர இறக்குமதியை நிறுத்தினார்கள், அந்த வருஷம் முடிவதற்குள் பின்வாங்கினார்கள். மண்ணுக்கும் மக்களுக்கும் அவகாசமே கொடுக்கவில்லை. அதைக் காட்டி, தேவைக்கு இரு மடங்கு யூரியா போடுவதை நியாயப்படுத்தாதீர்கள் தம்பி. புகையானை அழைப்பதே அந்த மிச்ச யூரியாதான். முதலில் அதைக் குறைத்தாலே மருந்துச் செலவு குறையும்.

லாஸ்பேட்டை: கருப்பு கவுனி அரிசி விலை கட்டுப்படியாகலைங்க. ஏழை என்னத்தச் சாப்பிடறது?

கவுனியை விடுங்கள், அது மோஸ்தர். தூயமல்லியோ கிச்சலிச் சம்பாவோ மூட்டையாக நேரே விவசாயியிடம் வாங்குங்கள். நாலு வீடு சேர்ந்தால் இன்னும் குறையும்.

சேத்தியாத்தோப்பு: தக்கைப்பூண்டு விதை எங்கே கிடைக்கும்?

வட்டார வேளாண் விரிவாக்க மையத்தில் கேளுங்கள். ஏக்கருக்கு 20 கிலோ. சீசன் நெருங்கினால் தீர்ந்துவிடும், முன்னாலேயே சொல்லி வையுங்கள்.