உட்கார்ந்திருக்கும் கபடி வீரர்

அன்புள்ள ஐயா,

உசிலம்பட்டிப் பக்கம் எங்கள் ஊரில் தினமும் சாயங்காலம் கபடி பயிற்சி நடக்கும். ஆறு மாதமாக அங்கே போய் வரைகிறேன். பாய்ச்சல் கோட்டில் சிக்கவே மாட்டேன் என்கிறது. ஆடி முடித்து ஓரமாக உட்காருகிறவர்களைத்தான் வரைகிறேன். ‘இதில் விளையாட்டு எங்கே?’ என்று நண்பர்கள் கேட்கிறார்கள். சுலபமானதைத் தேடிப் போகிறேனா?

க., உசிலம்பட்டி

அன்புள்ள க.,

நீங்கள் அனுப்பிய நான்கு படங்களையும் நேற்று ராத்திரி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றாவது படத்தில் ஒருவர் நீகேப்பைக் கணுக்கால்வரை இறக்கிவிட்டு உட்கார்ந்திருக்கிறார். முழங்கால்மேல் கிடக்கும் கையில் இரண்டு விரலைச் சேர்த்துப் பிளாஸ்திரி ஒட்டியிருக்கிறது. சற்று முன்னால் யார் காலையோ இறுக்கிப் பிடித்த கை அது. விளையாட்டு அந்த விரல்களில் இருக்கிறது.

1882 வாக்கில் பிரெஞ்சு ஓவியர் தெகா பாஸ்டல் வண்ணக்கட்டியால் வரைந்த ‘காத்திருப்பு’ படத்தைப் பாருங்கள். பாலே உடையில் ஒரு பெண் பெஞ்சில் குனிந்து உட்கார்ந்து கணுக்காலைப் பிடித்துவிட்டுக்கொள்கிறாள். பக்கத்தில் கறுப்பு உடையில், கையில் குடையோடு ஒருத்தி. நடனமே இல்லை. ஆனாலும் அந்தக் கணுக்கால் பட்ட பாடு நமக்குத் தெரிந்துவிடுகிறது. பிக்காசோவும் 1905இல் கூத்தாடிகளை அப்படித்தான் பார்த்தார். ‘ஓய்வெடுக்கும் கூத்தாடி’ என்று செப்புத் தகட்டில் ஊசியால் கீறிய படம் ஒன்று உண்டு. ‘கூத்தாடிக் குடும்பம்’ என்ற பெரிய ஓவியத்தில் ஆறு பேர் வெட்டவெளியில் இருக்கிறார்கள். ஒருவர்கூட வித்தை காட்டவில்லை.

சுலபம் என்று மட்டும் சொல்லாதீர்கள். ஆட்டத்திலிருந்து வந்து உட்கார்ந்தவருக்கு மூச்சு வாங்கும், தோள் ஏறி இறங்கும். இரண்டு நிமிடம் போனால் மூச்சு அடங்கிவிடும். அப்புறம் அவர் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் யாரோ ஒருவர்தான். உங்களுக்குக் கிடைப்பது அந்த இரண்டு நிமிடம். உங்கள் நான்காவது படம் அதைத் தவறவிட்டிருக்கிறது. தசையெல்லாம் அழகாக நிழலடித்திருக்கிறீர்கள், ஆனால் ஆள் தரையில் படாமல் மிதக்கிறார். முகத்திலிருந்து தொடங்கியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். உடம்பு மண்ணை எங்கே அழுத்துகிறதோ, அங்கிருந்து முதல் கோட்டைப் போடுங்கள். கனம் வந்துவிட்டால் முகத்துக்கு நாலு கோடு போதும்.

சரி, மாட்டுப் பொங்கலன்று பாலமேட்டு ஜல்லிக்கட்டுக்கு வாருங்கள், நானும் வருகிறேன். வாடிவாசல் முன்னால் முண்டியடிக்க வேண்டாம். சுற்று முடிந்து, பனியன் கிழிந்து, தலையில் தண்ணீரை ஊற்றிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்களே, அவர்கள் பக்கம் போவோம். பென்சில் நிறைய எடுத்து வாருங்கள்.