தரவு கைக்கு வந்த கதை: புள்ளியியல் கேள்வி பதில்

பெங்களூருவில் வேலையோடும் ஆராய்ச்சியோடும் புள்ளியியல் கற்றுக்கொள்ளும் தமிழ் நண்பர்கள் கேட்டவை இவை.

எலக்ட்ரானிக் சிட்டியிலிருந்து: அக்கா, ப்ளஸ் டூவோடு கணக்கை விட்டவன் நான். தரவைக் கணக்கிட ஆர் என்ற கணினி மொழியைப் படிப்பதா, பைத்தானா?

தம்பி, ஆபீசில் எது ஓடுகிறதோ அதையே படியுங்கள். இரண்டும் இலவசம். அதைவிட முக்கியம், எதையும் கணக்கிடும் முன் படம் போட்டுப் பார்ப்பது. 1973-ல் ஆன்ஸ்கோம் என்ற புள்ளியியலாளர் நான்கு சின்னத் தரவுத் தொகுப்புகளைக் காட்டினார். ஒவ்வொன்றிலும் 11 புள்ளிகள். நான்கிலும் எக்ஸ் சராசரி 9, ஒய் சராசரி ஏறத்தாழ 7.5, ரிக்ரஷன் கோடும், அதாவது புள்ளிகளுக்கு நடுவே பொருத்திப் போடும் நேர்கோடும், கிட்டத்தட்ட ஒன்றே. படம் போட்டால் ஒன்று சாதாரணச் சிதறல், இன்னொன்று வளைகோடு. மூன்றாவதில் ஒரு புள்ளி மட்டும் கோட்டை விட்டு விலகி நிற்கிறது. நான்காவதில் கோட்டின் சாய்வே ஒற்றைப் புள்ளியால் வந்தது. ஆரில் இந்தத் தரவு கூடவே வருகிறது. இன்றைக்கே போட்டுப் பாருங்கள்.

மாரத்தஹள்ளியிலிருந்து: ஆப்பில் புதுப் பக்கத்தைப் பழையதோடு ஒப்பிட்டுச் சோதித்தோம். பி-மதிப்பு 0.03. புதுசுதான் மேல் என்பதற்கு 97 சதவீத வாய்ப்பு என்று மேனேஜரிடம் சொல்லலாமா?

சொல்லாதீர்கள். இரண்டு பக்கங்களுக்கும் உண்மையில் வித்தியாசமே இல்லை என்று வைத்துக்கொண்டால், இந்த அளவோ இதைவிடப் பெரிதாகவோ வித்தியாசம் தற்செயலாகத் தென்பட 3 சதவீத வாய்ப்பு. அந்த 0.03 சொல்வது அவ்வளவுதான். எவ்வளவு கூடியது என்பதை 95 சதவீத நம்பக இடைவெளியோடு, அதாவது உண்மை அளவு எதிலிருந்து எதுவரை இருக்கலாம் என்ற வரம்போடு, கொடுங்கள். லட்சக்கணக்கான பேர் பயன்படுத்தும் ஆப்பில் காசுக்குப் பெறாத வித்தியாசத்துக்கும் பி-மதிப்பு சின்னதாக வரும். அப்புறம், தினமும் எட்டிப் பார்த்து, வழக்கமான எல்லையான 0.05-க்குக் கீழே பி-மதிப்பு இறங்கிய அன்று சோதனையை நிறுத்தியிருந்தால் அந்த 0.03-ஐ நம்ப முடியாது.

அல்சூரிலிருந்து, ஆராய்ச்சி மாணவி: மேடம், 2017-18 தொழிலாளர் கணக்கெடுப்பின் வீடுவாரித் தரவை எடுத்தேன். என் சதவீதங்கள் அரசு அறிக்கையோடு ஒத்துவரவே இல்லை.

வெயிட் போட்டீர்களாம்மா? பெரும்பாலும் கோளாறு அங்கேதான். அந்தக் கணக்கெடுப்பில் எல்லா வீடுகளுக்கும் ஒரே வாய்ப்புக் கொடுத்து எடுக்கவில்லை. பத்தாவது முடித்தவர்கள் வீட்டில் எத்தனை பேர் என்று பார்த்து வீடுகளைப் பிரித்தார்கள். ஒவ்வொரு பிரிவிலிருந்தும் இத்தனை வீடு என்று எடுத்தார்கள். படித்தவர்கள் குறைவான கிராமத்திலும் படித்தவர் உள்ள வீடுகள் தரவில் அதிகமாக வந்துவிடும். அப்படியே எண்ணினால் விடை அந்தப் பக்கம் சாய்வது இயல்பு. ஒவ்வொரு வரிசையும் நாட்டில் எத்தனை பேருக்காக நிற்கிறது என்பதைக் காட்டும் பெருக்கி எண்தான் வெயிட், அது ஃபைலிலேயே இருக்கிறது. அதைப் போட்டால் சதவீதம் சரியாகும், ஆனால் பிழை அளவு சரியாகாது. ஒரே தெருவில் எடுத்த வீடுகள் ஒன்றுபோலவே இருக்கும். அவற்றைத் தனித்தனி ஆட்களாக எண்ணினால் இல்லாத துல்லியம் தெரியும். ஆரில் 'சர்வே' என்ற தொகுப்பு இதைக் கவனித்துக்கொள்ளும், கொத்தும் (ஒரே இடத்தில் சேர்த்து எடுத்த வீடுகள்) அடுக்கும் (எடுக்கும் முன்பே பிரித்த பிரிவுகள்) எவை என்று நீங்கள் சொல்ல வேண்டும். அதற்குக் களப்பணியாளர்களுக்குக் கொடுத்த கையேட்டைப் படியுங்கள். அலுப்பாக இருக்கும், ஆனால் வேறு எந்தப் புத்தகமும் இதைச் சொல்லித் தராது.

வைட்ஃபீல்டிலிருந்து: கணக்கெடுப்புத் தரவில் வருமானம் சொல்லாமல் காலியாக உள்ள வரிசைகளை நீக்கிவிடலாமா?

யார் சொல்லவில்லை என்று முதலில் பாருங்கள். வசதியானவர்கள் வசிக்கும் அபார்ட்மெண்ட்களில்தான் காலி அதிகம் என்றால், மிச்சத்தின் சராசரி நிஜத்தைவிடக் குறைவாக வரும். வயது, தொழில், பகுதி போன்ற மற்ற விவரங்களை வைத்து அந்த வித்தியாசத்தை விளக்க முடிந்தால், அவற்றைக்கொண்டே காலி இடங்களை வெவ்வேறு மதிப்புகளால் பல முறை இட்டு நிரப்பி, விடைகளைச் சேர்க்கும் முறை உதவும். பணக்காரர் என்பதாலேயே சொல்லவில்லை என்றால் அது போதாது. வெவ்வேறு அனுமானங்களில் விடை எவ்வளவு மாறுகிறது என்று போட்டுக் காட்டுங்கள்.