அண்ணனுக்கு ஏன் பால் சேரவில்லை?

கேள்வி: நான் தினமும் இரண்டு டம்ளர் பால் குடிக்கிறேன், ஒன்றும் ஆவதில்லை. அண்ணனுக்கு அரை டம்ளரிலேயே வயிறு உப்பி, பேதியாகிறது. ஒரே தாய் தகப்பன் பிள்ளைகளுக்குள் இது எப்படி?
– ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: பாலிலுள்ள லாக்டோஸ் சர்க்கரையை உடைக்க லாக்டேஸ் என்ற நொதி வேண்டும். அதற்கான ஜீன் அண்ணனிடமும் இருக்கிறது, தங்கச்சி. பால்குடி மறந்த பிறகு பெரும்பாலான மனிதர்களுக்கு அதன் வேலை குறைந்துவிடும். மனித இனத்தின் பழைய வழக்கமே அதுதான். மாறியது உங்கள் பக்கம்!

எப்படி மாறியது? செல் பிரியுமுன், எழுத்து வரிசை போலிருக்கும் டிஎன்ஏ முழுவதும் நகலாகிறது. நகலெடுக்கும் நொதியே பிழையும் திருத்தும். அப்படியும் சில தப்பிவிடும். ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் யாரோ ஒருவருக்கு, லாக்டேஸ் ஜீனுக்கு 13,910 எழுத்து முன்னால், 'சி' என்ற ஒரு டிஎன்ஏ எழுத்து 'டி' என்று மாறிவிட்டது. வகுப்பில் நான் அழுத்திச் சொல்வது இதைத்தான்: ஜீனுக்குள் எதுவும் மாறவில்லை, அதை இயக்கும் சுவிட்ச்தான் மாறியது; அதனால் வளர்ந்த பிறகும் அந்த ஜீன் வேலை செய்கிறது. 2002-இல் பின்லாந்து ஆய்வாளர்கள் கண்டறிந்த இந்த மாற்றம் இந்தியர்களிடமும் உண்டு. உங்களிடமும் இதுவே இருக்கலாம்.

சரி, அண்ணனுக்கு? பெற்றோர் தம்மிடமுள்ள அந்தச் சுவிட்சின் இரண்டு பிரதிகளில் ஒன்றைத்தான் பிள்ளைக்குத் தருவார்கள். மாறிய பிரதி ஒன்று வந்தாலே பால் செரிக்கும். அவருக்கு அது வந்திருக்காது. இதற்காக யாரையும் கேலி செய்தால் எனக்குக் கோபம் வரும். தயிர் கொடுத்துப் பாருங்கள். உறையிலுள்ள பாக்டீரியா லாக்டோஸில் ஒரு பங்கைத் தின்றுவிடும். எடை குறைந்தாலோ மலத்தில் ரத்தம் போனாலோ உடனே டாக்டரிடம் அனுப்புங்கள்.