எலும்பு கூடிவிட்டது, அப்புறம்?

அன்புள்ள ஐயா,

11 மாதங்களுக்கு முன் சாலை விபத்தில் தொடை எலும்பு முறிந்தது. தலையிலும் பலமான அடி. இரண்டு அறுவை சிகிச்சை. கணக்குப் பிரிவில் வேலை, மூன்று வாரமாக மறுபடி போகிறேன். காலை 11 மணிக்கே களைத்துவிடுகிறேன். இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினால் மண்டையில் ஏறுவதில்லை. ஒரு பக்கக் கணக்கை மூன்று முறை சரிபார்க்கிறேன். எலும்பு நன்றாகக் கூடிவிட்டது என்கிறார் டாக்டர். நடையும் சரியாகிவிட்டது. அதனாலேயே, சாக்குச் சொல்கிறேன் என்று உடன் வேலை செய்பவர்கள் நினைப்பார்களோ என்று கூச்சமாக இருக்கிறது. நான் பழையபடி ஆவேனா? இல்லை, வேலையை விட்டுவிடுவதுதான் மரியாதையா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருந்தார்.)

அன்புள்ள நண்பருக்கு,

வேலையை இப்போது விடாதீர்கள். இதைச் சொல்லிவிட்டு மற்றதைப் பேசுகிறேன். மூன்று வாரத்தை வைத்து எடுக்கிற முடிவல்ல இது.

டாக்டர் சொன்னது சரிதான், அவர் எக்ஸ்ரேயைப் பார்த்துச் சொன்னார். களைப்பு அதில் தெரியாது. தலையில் அடிபட்டவர்களுக்கு வரும் களைப்பு பல சமயம் ஒரு ராத்திரித் தூக்கத்தில் போய்விடாது. இரைச்சலை ஒதுக்குவது, ஓர் எண்ணை மனதில் பிடித்துக்கொண்டு அடுத்ததைத் தேடுவது எல்லாம் முன்பு தானாக நடந்தவை. இப்போது மூளை அதற்கெல்லாம் மெனக்கெடுகிறது. இதை நரம்பியல் மருத்துவரிடம் தனியாகச் சொல்லுங்கள். எலும்பு டாக்டரிடம் சொன்னால் மறுபடி காலைத்தான் பார்ப்பார்.

வாழ்க்கைத் தரத்தை அளக்க உலக சுகாதார நிறுவனத்திடம் 26 கேள்விகள் கொண்ட சிறிய தாள் ஒன்று இருக்கிறது. அன்றாட வாழ்க்கைக்குப் போதிய தெம்பு இருக்கிறதா, தூக்கம் திருப்தியா, வேலை செய்யும் திறன் திருப்தியா, நண்பர்களின் ஆதரவு எப்படி என்று கேட்கும். பதில் சொல்ல வேண்டியது அடிபட்டவர்தான். எனக்குப் பிடித்தது, கடந்த இரண்டு வாரத்தை நினைத்துப் பதில் சொல்லுங்கள் என்று அது கேட்பது. விபத்துக்கு முந்தைய உங்களோடு ஒப்பிடச் சொல்வதில்லை. நீங்களோ தினமும் அந்தப் பழைய ஆளைப் பக்கத்து நாற்காலியில் உட்கார வைத்துக்கொண்டு வேலை செய்கிறீர்கள்.

ஃபினியாஸ் கேஜ் என்று ஒருவர். 1848இல் அமெரிக்காவில் ரயில் பாதைக்குப் பாறை வெடிக்கும்போது ஒரு மீட்டருக்கு மேல் நீளமான இரும்புக் கம்பி அவர் மண்டையைத் துளைத்துப் போனது. பிழைத்தார். குணம் மாறிவிட்டது என்று சொல்லி, பழைய மேஸ்திரி வேலையை அவருக்குத் திருப்பித் தரவில்லை. பாடப்புத்தகங்கள் பெரும்பாலும் இதோடு நிறுத்திக்கொள்ளும். பிறகு அவர் சிலி நாட்டில் பல வருடம் குதிரை வண்டி ஓட்டினார். குதிரைகளைப் பூட்டுவது, பயணிகளை ஏற்றுவது, அதே பாதை என்று தினமும் ஒரே ஒழுங்கு. அந்த ஒழுங்குதான் அவர் மனதுக்குக் கைப்பிடியாக இருந்திருக்கும் என்று சில ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். இதை வெற்றிக் கதையாக விற்க மாட்டேன், 1860இல் வலிப்பு வந்து இறந்துபோனார். மேஸ்திரியாகத் திரும்பாமலே வாழ்ந்தார் என்பதற்காகச் சொன்னேன்.

சரி, உங்கள் அலுவலகம். மேலாளரிடம் "முடியவில்லை" என்று பொதுவாகச் சொன்னால் அவரால் ஒன்றும் செய்ய முடியாது. எண் வேலையெல்லாம் முதல் இரண்டு மணி நேரத்தில், வேண்டியதை எழுத்தில், கொஞ்சம் அமைதியான இடம், கொஞ்ச காலம் அரை நாள் என்று திட்டமாகக் கேளுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை ஒரு மணி நேரம் கூட்டிப் பாருங்கள். தாங்கவில்லையா, ஒரு படி இறங்குங்கள். கேட்கக் கூச்சப்பட வேண்டாம். அடிபட்டவர் வேலைக்குத் திரும்ப உதவுவதையும், அவருக்கேற்ப வேலையிடத்தை மாற்றித் தருவதையும் மாற்றுத்திறனாளிகள் உரிமைக்கான 2006ஆம் ஆண்டு ஐ.நா. உடன்படிக்கையின் 27ஆவது பிரிவு உரிமைக் கணக்கில்தான் எழுதியிருக்கிறது.

உடன் வேலை செய்பவர்கள் விஷயம். எனக்கு ஒருமுறை தோள்பட்டை உடைந்தது. கட்டு இருந்தவரை எல்லோரும் கதவைத் திறந்துவிட்டார்கள். கட்டுப் பிரித்த மறுநாள் நாற்காலியைத் தூக்கச் சொன்னார்கள். கெட்ட எண்ணமில்லை, கண்ணுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். ஒரே ஒருவரிடம் விவரமாகச் சொல்லி வையுங்கள், மற்றவர்களுக்கு அவர் சொல்லிவிடுவார்.

"மரியாதை" என்று எழுதியிருந்தீர்கள். அந்தச் சொல்தான் உறுத்தியது. மூன்று முறை சரிபார்க்கிறவர் அவமானப்பட என்ன இருக்கிறது? உங்கள் கணக்கில் தப்பு வந்ததாகக் கடிதத்தில் எங்கும் இல்லையே.

இரண்டு வாரம் ஒரு நோட்டில் குறித்துவிட்டு மறுபடி எழுதுங்கள். களைப்பு எத்தனை மணிக்கு வந்தது, அதற்கு முன் என்ன செய்துகொண்டிருந்தீர்கள், இது போதும்.