கொம்பு முளைத்த கற்பனை இனங்கள்: கேள்வி-பதில்

மிகுபுனைவு (ஃபேன்டஸி) எழுதுகிறவர்கள் அனுப்பிய கேள்விகளில் கொம்பு பற்றியவை மட்டும் இம்முறை.

என் நாவலில் மனித உடலும் ஆட்டுத் தலையும் கொண்ட ஓர் இனம் வருகிறது. எதிரிகளிடமிருந்து தற்காத்துக்கொள்ளவே கொம்பு என்று எழுதிவிடலாமா?

எழுதலாம், விஷயம் தெரிந்த வாசகர் நம்பமாட்டார். வெளிமான்களில் முறுக்குக் கொம்பு ஆணுக்குத்தான். பெண்ணுக்குப் பெரும்பாலும் கிடையாது. ஓநாயை விரட்டத்தான் கொம்பு என்றால், குட்டியோடு திரியும் தாய்க்கல்லவா அது முதலில் முளைத்திருக்க வேண்டும்? கொம்பின் முதல் வேலை சொந்த இனத்து ஆணோடு மோதுவது. எதிரியை விரட்டுவதெல்லாம் அதற்குப் பிறகு.

ஆகவே உங்கள் ஆட்கள் தங்களுக்குள் எப்படிச் சண்டையிடுகிறார்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். கொம்பின் வடிவம் அதிலிருந்து பிறக்கும். வட அமெரிக்காவின் பெருங்கொம்புச் செம்மறிக் கிடாக்கள் ஓடிவந்து முட்டிக்கொள்பவை. அடி தடித்துச் சுருண்ட அவற்றின் கொம்புகள் இரண்டும் சேர்ந்து 14 கிலோ வரை எடை இருக்கும். வெளிமான்கள் கொம்பைப் பிணைத்துத் தள்ளுகின்றன. முறுக்கும் வளையங்களும் பிடி நழுவாமல் பார்த்துக்கொள்கின்றன. வட அமெரிக்க மலையாட்டின் கொம்போ குட்டையானது, வழவழப்பானது, குத்துவாள் போன்றது. அது எதிராளியின் விலாவையும் தொடையையும் குத்தும். அதற்கேற்ப அந்த ஆட்டின் பின்புறத் தோல் மிகவும் தடித்திருக்கிறது. ஒரே குத்தில் உயிர் போகக்கூடும் என்பதால் பெரும்பாலும் முறைத்தும் விறைத்தும் மிரட்டிவிட்டு விலகிவிடும். இப்படிக் குத்துக்கொம்பு உள்ளவர்களின் ஊரில் மரியாதை விதிகள் எவ்வளவு கடுமையாக இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அங்கேதான் உங்கள் கதை இருக்கிறது.

பெண்களுக்கும் கொம்பு வைக்கலாமா?

தாராளமாக வைக்கலாம். அவர்கள் எங்கே வாழ்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. மாடு, ஆடு, இரலை (மான்போல் தோன்றினாலும் கொம்பை உதிர்க்காத விலங்கு; வெளிமான் இதில் சேரும்) அடங்கிய குடும்பத்தை ஸ்டான்கோவிச், காரோ என்ற இருவர் ஆராய்ந்து 2009-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். உடல் பெரிதாகவும் வாழிடம் திறந்த வெளியாகவும் உள்ள இனங்களில் பெண்ணுக்கும் கொம்பு இருப்பது அதிகம் என்பது அதன் முடிவு. புதரில் ஒளிய முடியாதவள் நின்று எதிர்க்கத்தான் வேண்டும். விதிவிலக்காக, ஆப்பிரிக்கக் காடுகளில் ஒளிந்து வாழும் டூய்க்கர் என்ற சின்னஞ்சிறு இரலைகளில் பல வகைகளில் பெண்ணுக்கும் கொம்பு உண்டு; அங்கே பெண்களும் எல்லைக்காகச் சண்டையிடுவதே காரணம் என்று அந்த ஆய்வாளர்கள் விளக்கினார்கள். பொதுவாகப் பெண்ணின் கொம்பு மெலிந்து நேராக இருக்கும். மல்லுக்கட்டுவதற்கு அல்ல, குத்துவதற்கு.

பனிநாட்டுக் கதை என்றால் கலைமானை (ரெய்ன்டீர்) பாருங்கள். இணைசேரும் பருவம் முடிந்ததும் ஆண் கொம்பை உதிர்த்துவிடும். பெண்ணுக்குக் குளிர்காலம் முழுக்க அது தலையிலேயே இருக்கும். பனியைத் தோண்டிக் கண்டெடுத்த தீவனக் குழியை விட்டு ஆண்களை அவள் விரட்டுகிறாள்.

கொம்பு ஒடிந்தால் வலிக்குமா? மறுபடி முளைக்குமா?

எந்தக் கொம்பு என்று சொல்லுங்கள். ஆடு மாட்டின் கொம்புக்குள்ளே எலும்பு, வெளியே கெரட்டின் (நம் நகத்தில் உள்ள பொருள்) உறை. வளர்ந்த மாட்டில் அந்த எலும்பு உள்ளே குழிவானது. மண்டையோட்டின் காற்றறையோடு தொடர்புடையது. அடியோடு ஒடிந்தால் ரத்தம் பீறிடும், மண்டைக்குள் இறங்கும் ஓட்டை தெரியும், சீழ் பிடிக்கும் அபாயம் உண்டு. எலும்பு ஒடிந்த கொம்பு பழையபடி வளராது. காண்டாமிருகத்தின் கொம்பில் எலும்பே இல்லை, முழுக்கக் கெரட்டின். வெட்டினால் மீண்டும் வளரும்.

மானின் கொம்பு ஆண்டுதோறும் உதிர்ந்து முளைப்பது. வளரும்போது ரத்தக்குழாயும் நரம்பும் ஓடும் மெத்தென்ற தோல் அதைப் போர்த்தியிருக்கும். அந்த மாதங்களில் ஆண் மான்கள் கொம்பால் மோதாமல், பின்னங்கால்களில் எழுந்து நின்று முன்னங்கால்களால் அடித்துக்கொள்கின்றன. பிறகு மரத்தில் தேய்த்து அந்தத் தோலை உரிக்கும்போது ரத்தம் தோய்ந்த நார்கள் கொம்பிலிருந்து தொங்கும். ஓர் இனத்தின் வீரர்கள் எல்லோரும் ஒரே பருவத்தில் ஆயுதமற்றுப்போவது கதைக்கு எவ்வளவு நல்ல திருப்பம்!

எங்கள் இனத்தில் சிலர் கொம்பில்லாமல் பிறக்கிறார்கள். சாபம் என்று வைத்திருக்கிறேன். வேறு காரணம் உண்டா?

சாபத்தை ஊர் நம்பட்டும். நீங்கள் காரணத்தைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். ஸ்காட்லாந்தை அடுத்த செயின்ட் கில்டா தீவுகளில் சோவே என்ற காட்டு இயல்புள்ள செம்மறிகள் வாழ்கின்றன. அவற்றின் கொம்பளவைப் பெருமளவு தீர்மானிப்பது ஆர்.எக்ஸ்.எஃப்.பி.2 என்ற ஒரே மரபணு என்று 2013-ல் நேச்சர் இதழில் வெளியான ஆய்வு காட்டியது. அந்த மரபணுவின் பெரிய கொம்புக்கான வடிவத்தைத் தாய், தந்தை இருவரிடமிருந்தும் பெற்ற கிடா நிறையக் குட்டிகளுக்குத் தந்தையாகிறது, ஆனால் சீக்கிரம் சாகிறது. சிறு கொம்பு வடிவத்தை இருவழியிலும் பெற்றது நீண்டகாலம் பிழைக்கிறது, குட்டிகள் குறைவு. இரண்டிலும் ஒவ்வொன்றைப் பெற்ற கிடாவுக்கே மொத்தத்தில் லாபம். அதனால் கொம்பு குன்றியவர்கள் அந்த மந்தையிலிருந்து மறைவதே இல்லை.

சாண வண்டுகளிடம் இன்னொரு வழி இருக்கிறது. கொம்புள்ள பெரிய ஆண், பெண் இருக்கும் சுரங்கத்தின் வாசலில் காவல் நிற்கும். கொம்பில்லாத சிறிய ஆண் பக்கவாட்டில் வேறு சுரங்கம் தோண்டிப் பெண்ணிடம் போய்ச் சேர்ந்துவிடும். உங்கள் கொம்பில்லாதவர்களை இரக்கத்துக்குரியவர்களாக மட்டும் எழுதாதீர்கள்.

ஊன் உண்ணும் இனத்துக்குக் கொம்பு பொருந்துமா?

சிங்கம், ஓநாய், கரடி எதற்கும் கொம்பில்லை; பல்லும் நகமும் போதும். ஆனால் 1985-ல் அர்ஜென்டினாவிலிருந்து விவரிக்கப்பட்ட கார்னோடாரஸ் என்ற ஊனுண்ணி டைனோசருக்குக் கண்களுக்கு மேல் இரண்டு தடித்த கொம்புகள் இருந்தன. எனவே துணிந்து வையுங்கள்.

இரண்டு காலில் நிற்பவருக்குக் கொம்பு எவ்வளவு பெரிதாக இருக்கலாம்?

மனிதத் தலையின் எடை சுமார் 5 கிலோ. அதன்மேல் கிடாவின் 14 கிலோவை வைத்தால் நம் கழுத்து தாங்காது. பிடரியில் தடித்த தசைநாரும், அதைப் பிடித்துக்கொள்ள முதுகெலும்பில் உயர்ந்த முட்களும் வேண்டும். தோள்களுக்கு நடுவே ஒரு திமில் போல வரையச் சொல்லுங்கள். முட்டி மோதும் இனம் என்றால் இன்னொன்று: மஸ்க் ஆக்ஸ் என்னும் துருவ மாடுகளின் மூளையில் மோதலால் வந்த சேதத்தின் அடையாளங்கள் இருந்ததை 2022-ல் வெளியான ஆய்வு காட்டியது. உங்கள் கிழட்டு வீரன் மறதியோடு திரிந்தால் அதற்கு நியாயம் இருக்கிறது.

கொம்பை வைத்து வயது சொல்ல முடியுமா?

குளிர்நாட்டு இனமானால் முடியும். ஆல்ப்ஸ் மலையின் ஐபெக்ஸ் ஆட்டுக்குக் குளிர்காலத்தில் கொம்பு வளர்ச்சி நின்றுவிடுவதால் ஆண்டுக்கு ஒரு கோடு விழும். நல்ல மேய்ச்சல் கிடைத்த ஆண்டில் இரண்டு கோடுகளுக்கு இடையே தூரம் அதிகம். பஞ்ச ஆண்டில் குறைவு. அந்த இனத்தில் யாரும் வயதைக் குறைத்துச் சொல்ல முடியாது. எந்த ஆண்டில் பட்டினி கிடந்தார் என்பதையும் அவரால் மறைக்க முடியாது.