அம்பு பட்ட மான் எல்லை தாண்டி ஓடினால்

கேள்வி: பென்சில்வேனியாவில், ஹாரிஸ்பர்க் பக்கம் இருக்கிறேன். வேட்டைப் பாதுகாப்பு வகுப்பு முடித்து, லைசென்ஸ் எடுத்து, ஒரு வருடம் வில் பழகிய பிறகுதான் போன பருவத்தில் இறங்கினேன். தரகர் ஒருவரிடம் 700 டாலர் கொடுத்து நாற்பது ஏக்கர் காட்டில் இடம் பிடித்தேன். பரணும் அவர் கட்டி வைத்ததுதான். அக்டோபர் கடைசியில் ஒரு நாள், மாலை 6.15-க்கு ஒரு பெண் மான்மீது எய்தேன். பட்டது. ஆனால் அது ஓடிப் பக்கத்து நிலத்துக்குள் போய்விட்டது. கீழே கிடந்த அம்பில் பச்சையாக ஏதோ ஒட்டியிருந்தது. எல்லை மரங்களில் ஊதா நிறக் கோடுகள். அந்த வீட்டில் ஆளில்லை. "அடிபட்டதைத் தேடிப்போகச் சட்டத்தில் இடமிருக்கிறது, டார்ச் எடுத்துக்கொண்டு போ" என்று தரகர் போனில் சொன்னார். நான் போகவில்லை. மறுநாள் பத்து மணிக்கு உரிமையாளர் வந்து அனுமதி கொடுத்தார். எல்லையிலிருந்து அறுபது கஜத்தில் மான் செத்துக் கிடந்தது. இரவெல்லாம் வெக்கை, இறைச்சி கெட்டுவிட்டது. நான் செய்தது சரியா? தரகரிடம் பணத்தைத் திரும்பக் கேட்கலாமா?

பதில்: நீங்கள் செய்தது சரி. அந்த இறைச்சி கெட்டதற்கும் நீங்கள் காரணமில்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கடிதம் முழுக்க அந்தக் குற்றவுணர்வுதான் தெரிகிறது.

அம்பில் பச்சை இருந்தால் குடலில் பட்டிருக்கிறது என்று பொருள். அம்பு துப்பாக்கிக் குண்டு மாதிரி அடித்துச் சாய்ப்பதில்லை. அதன் அலகு உள்ளே வெட்டி, ரத்தம் போய்த்தான் மான் விழும். நுரையீரலில் பட்டால் இளஞ்சிவப்பாக, நுரையோடு ரத்தம் இருக்கும். நூறு கஜத்துக்குள் பெரும்பாலும் விழுந்துவிடும், அரை மணி பொறுத்துத் தேடினால் போதும். குடலில் பட்டது அப்படியில்லை. கொஞ்ச தூரம் ஓடிப் படுத்துக்கொள்ளும். உயிர் போகப் பல மணி நேரம் ஆகும். எட்டு, பத்து மணி நேரம் தொந்தரவு செய்யாமல் விட்டால் படுத்த இடத்திலேயே கிடக்கும். டார்ச்சோடு பின்னால் போனால் எழுந்து ஓடும், அப்புறம் அதற்கடுத்த நிலத்தில், ரத்தத் தடமே இல்லாமல் தேட வேண்டியதுதான். உங்களுக்கு எல்லையிலிருந்து அறுபது கஜத்திலேயே கிடைத்ததற்குக் காரணம் யாரும் அதைக் கிளப்பாததுதான். அந்த வீட்டுக்காரர் அன்று மாலையே வாசலில் நின்று "வாங்க, எடுத்துக்கொள்ளுங்க" என்று சொல்லியிருந்தாலும் நான் உங்களைக் காலைவரை பொறுக்கத்தான் சொல்லியிருப்பேன். வெக்கையான இரவில் அப்படிப் பொறுத்தால் இறைச்சி போகலாம். குடலில் பட்ட அம்பின் விலை அது.

இனி சட்டம். பென்சில்வேனியாவில், அடிபட்ட மானைத் தேடி அடுத்தவர் நிலத்துக்குள் போகும் உரிமை வேட்டைக்காரருக்குக் கிடையாது. அனுமதி வேண்டும். ஊதாக் கோடு என்பது 'உள்ளே வராதே' பலகைக்குச் சமம். 2020 தொடக்கத்திலிருந்து அதற்குச் சட்ட மதிப்பு உண்டு. எட்டு அங்குல நீளம், ஒரு அங்குல அகலம், தரையிலிருந்து மூன்று முதல் ஐந்து அடி உயரத்தில், நூறு அடிக்கு ஒன்றாவது இருக்க வேண்டும். பார்த்த பிறகும் நுழைந்தால் அத்துமீறல், வேட்டையின்போது என்றால் லைசென்ஸுக்கும் ஆபத்து.

இதே மாநிலத்தின் வேட்டைச் சட்டம், அடிபட்ட விலங்கைக் கண்டெடுக்க நியாயமான முயற்சி எடுக்க வேண்டும் என்றும் சொல்கிறது. ஒரு பக்கம் தேடு என்கிறார்கள், இன்னொரு பக்கம் நுழையாதே என்கிறார்கள். வேட்டைச் சட்டத்தைக் கவனிக்கும் அதிகாரியான வார்டனைக் கூப்பிடலாம், கூப்பிடத்தான் வேண்டும். ஆனால் அவரும் நில உரிமையாளரிடம் கேட்டுப் பார்ப்பார், அவ்வளவுதான், கட்டாயப்படுத்த முடியாது. இரண்டு விதியையும் எழுதியவர்கள் ஒரே அறையில் உட்கார்ந்ததே இல்லை போலிருக்கிறது. பெண் மான் அனுமதிச் சீட்டுக்கு 2022 வரை இளஞ்சிவப்பு உறையில் தபால் அனுப்ப வைத்த மாநிலம் இது. 2023-இல் இணையத்துக்கு மாற்றியபோது, முதல் நாள் கணினி முன் மணிக்கணக்கில் வரிசை. சரி, அந்தக் கதை வேண்டாம்.

உங்கள் தரகர் எதை வைத்து அப்படிச் சொன்னார் என்று ஊகிக்க முடிகிறது. நான் எடுக்கும் வேட்டைப் பாதுகாப்பு வகுப்பில் ஆண்டுதோறும் யாராவது இதைக் கேட்கிறார்கள். ஊதாக் கோட்டுச் சட்டத்தில் ஒரே ஒரு விலக்கு உண்டு: ஆயுதம் இல்லாத ஒருவர், தன் வேட்டை நாயைப் பிடித்து வருவதற்காக மட்டும் அந்த நிலத்துக்குள் போகலாம். நாயைப் பிடிக்க. மானை எடுக்க அல்ல. நாயைப் பிடிக்கப் போன இடத்தில் மான் கிடந்தால்? அதைத் தொடக்கூடாது, நாயோடு திரும்பி வர வேண்டும். நாய் மான்மீதே உட்கார்ந்திருந்தால்? நாயை மட்டும் தூக்கி வாருங்கள். வில் தோளில் இருந்தால் அந்த விலக்கும் கிடையாது. அப்புறம், ரத்தத் தடம் பிடிக்கும் நாய்கள். கழுத்தில் வார் கட்டி நடத்திப்போகும் நாயைக் கொண்டு மானைத் தேடுவது இங்கே 2018 முதல் அனுமதிக்கப்பட்டது. ஆனால் அந்த நாயையும் அதன் ஆளையும் அடுத்தவர் நிலத்தில் நடத்திப்போக அனுமதி வேண்டும். "வாரை விட்டுவிட்டால் அது ஓடிப்போன நாய்தானே, பின்னாலேயே போகலாமே" என்று ஒருவர் வகுப்பில் கேட்டார். போகலாம், நாயைப் பிடிக்க. வாரை விட்ட தப்பு தனிக் கணக்கு.

மினசோட்டாவில், உரிமையாளர் வேண்டாம் என்று சொல்லாதவரை, சட்டப்படி எய்து காயப்பட்ட விலங்கை எடுக்க நடந்து போகலாம். தரகர் அந்த ஊர்க் கதையையும் எங்காவது கேட்டிருக்கலாம். நீங்கள் இருப்பது மினசோட்டா இல்லை.

இப்போது தரகர்கள். இவர்களைப் பற்றி எழுதாமல் என்னால் முடியாது. குத்தகைக்கு இடம் பிடித்துத் தருகிறவர்களில் நேர்மையானவர்களும் இருக்கிறார்கள். ஆனால் வாட்ஸ்அப் குழுவில் "இடம் இருக்கிறது, ரொக்கமாகக் கொடுங்கள்" என்று வருகிறவர்கள் பெரும்பாலும், ஒரே காட்டை மூன்று பேருக்கு விற்றவர்கள், அல்லது உரிமையாளரிடம் ஒருவருக்கு மட்டும் அனுமதி வாங்கி அதை உள்குத்தகைக்கு விடுகிறவர்கள். எல்லையை நேரில் நடந்து காட்டாதவரிடம் ஒரு டாலர்கூடக் கொடுக்காதீர்கள். கவுண்டி வரி அலுவலகப் பதிவுகளில் எந்த நிலம் யார் பெயரில் இருக்கிறது என்று யாரும் பார்க்கலாம். அதில் இருக்கும் பெயரும் உங்கள் காகிதத்தில் கையெழுத்துப் போட்டவர் பெயரும் ஒன்றா என்று பாருங்கள்.

உங்கள் பரண் எல்லையிலிருந்து எத்தனை கஜம் என்று எழுதவில்லை. முப்பது, நாற்பது இருக்கும் என்று நினைக்கிறேன். இந்த ஆட்கள் எல்லையோரத்தில்தான் கட்டுவார்கள், பக்கத்து நிலத்து மான்கள் வந்து போகும் தடம் அங்கேதான் இருக்கும் என்பதால். நுரையீரலில் சரியாகப் பட்ட மானே நூறு கஜம்வரை ஓடலாம் என்று மேலே சொன்னேன். அப்படியென்றால் அந்தப் பரணிலிருந்து எய்த எந்த அம்பும் உங்களைப் பக்கத்து வீட்டு வாசலில் கொண்டு நிறுத்தலாம். இடம் தேர்ந்தெடுத்த அன்றே அது முடிவாகிவிட்டது.

வேறொருவர் கட்டிய பரணில் ஏறாதீர்கள் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மரத்தோடு கட்டிய பட்டைகள் வெயிலிலும் மழையிலும் இற்றுப்போகும், அணில் கடிக்கும், மரம் பருத்து உள்ளிருந்தே அறுக்கும். கீழிருந்து பார்த்தால் புதிது போலத்தான் இருக்கும். விழுகிறவர்கள் பெரும்பாலும் உட்கார்ந்திருக்கும்போது விழுவதில்லை. ஏறும்போதும் இறங்கும்போதும் விழுகிறார்கள், அதுவும் இருட்டில், எய்த பரபரப்பில் கை நடுங்கிக்கொண்டிருக்கும்போது. உடல் முழுவதையும் தாங்கும் பாதுகாப்பு வாரை, தரையை விட்டுக் கால் எழும்பும் முன்பே மரத்திலிருந்து தொங்கும் கயிற்றோடு மாட்டிவிட வேண்டும். வில்லை முதுகில் மாட்டி ஏறாமல் கயிறு கட்டி மேலே இழுங்கள். 700 டாலரில் புதுப் பரணும் வாரும் வாங்கி மிச்சமும் இருந்திருக்கும்.

இந்தப் பருவத்துக்கு ஒரே வேலைதான். செப்டம்பரில், பகலில், வில் இல்லாமல், சாதாரண உடையில் அந்த ஊதாக் கோட்டு வீட்டுக்குப் போங்கள். போன முறை அனுமதி கொடுத்தவர், இந்த முறையும் பேசுவார். "இங்கே வேட்டையாட வேண்டாம், அடிபட்ட மான் வந்து விழுந்தால் எடுக்க மட்டும்" என்று கேளுங்கள். எழுதி வாங்குங்கள், போன் எண்ணும் வாங்குங்கள். "என் நிலத்தில் நீ விழுந்தால் என்மேல் வழக்குப் போடுவாயே" என்று தயங்குவார்கள். பணம் வாங்காமல் பொழுதுபோக்குக்கு நிலத்தைத் திறந்துவிடும் உரிமையாளருக்கு 1966-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இங்கே பாதுகாப்புத் தருகிறது என்று சொல்லுங்கள். காசு வாங்கினால் அந்தப் பாதுகாப்பு போய்விடும். அதனால் அவருக்குப் பணம் நீட்டாதீர்கள், வீட்டு முறுக்கு ஒரு டப்பா போதும்.

இருட்டிய பிறகு தேடப் போனால் வில்லைக் காரில் வைத்துவிடுங்கள். எய்யும் நேரம் சூரியன் மறைந்து அரை மணியோடு முடிகிறது. உங்கள் 6.15 உள்ளே வந்துவிட்டது, ஆனால் விளக்கும் வில்லும் சேர்ந்து கையில் இருந்தால் வார்டனிடம் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டியதுதான். மானைக் கண்டதும், நகர்த்தும் முன் லைசென்ஸோடு வரும் அடையாளச் சீட்டை அதில் கட்ட வேண்டும், பத்து நாளுக்குள் மாநில வேட்டைத் துறைக்குத் தகவல் தர வேண்டும். இறைச்சி கெட்டுவிட்டாலும் அது உங்கள் கணக்கு மான்தான். அதைச் செய்திருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

பணம்: நிலத்தின் உண்மையான உரிமையாளரைக் கூப்பிட்டு, அந்தத் தரகருக்கு உள்குத்தகை விடும் அனுமதி இருந்ததா என்று கேளுங்கள். இல்லை என்று எழுத்தில் கொடுத்தால், உங்கள் பகுதியின் கீழ்நிலை நீதிபதியிடம் (magisterial district judge) சிறுதொகை வழக்குப் போடலாம், வக்கீல் தேவையில்லை. மான் எல்லை தாண்டியதற்காகப் பணம் திரும்பாது. தனக்கு உரிமையில்லாததை விற்றார் என்பதற்காகத்தான் திரும்பும். ரொக்கமாக, ரசீதில்லாமல் கொடுத்திருந்தால், அவர் போனில் அனுப்பிய செய்திகளை அழித்துவிடாதீர்கள். உங்கள் கையில் இருப்பது அது ஒன்றுதான்.